உறவே மத்தியஸ்தம்: நவாஹோ மக்களின் சமாதான முறையும் ஆயர் பணியும்

குடும்பப் பிணக்குகளும் சொத்துத் தகராறுகளும் காவல் நிலையத்திற்கோ நீதிமன்றத்திற்கோ செல்லுமுன் போதகர் இல்லத்துத் திண்ணைக்கு வருவது நம் சபைகளில் நெடுங்கால வழக்கம். கணவனை விட்டுத் தாய்வீடு திரும்பிய மகளுக்காகத் தந்தை வருகிறார். பொதுக்கிணற்றின் முறைத்தண்ணீர் பற்றி அண்ணனும் தம்பியும் வருகின்றனர். இறந்த தாயின் நகைகளைக் குறித்துச் சகோதரிகள் வருகின்றனர். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, அருளுரைக் கலையும் பயின்று வெளிவரும் இளம் போதகருக்கு இப்பணிக்கென்று அளிக்கப்பட்ட பயிற்சியோ மிகக் குறைவு. ஆகவே அவர் தாம் கண்டும் கேட்டும் அறிந்த மூன்றிலிருந்து ஒரு முறையைத் தாமே வகுத்துக்கொள்கிறார். ஊர்ப் பஞ்சாயத்து ஒன்று, நீதிமன்றம் மற்றொன்று, மேல்நாட்டு ஆற்றுப்படுத்தல் நூல்கள் மூன்றாவது. இவை பலவாற்றான் வேறுபடினும், தீர்த்துவைப்பவர் இரு தரப்பாருக்கும் மேலேயோ அப்பாலோ அமர்ந்திருக்கவேண்டும் என்னும் கருத்து இம்மூன்றிற்கும் பொதுவானது.

இதற்கு நேர்மாறான அடிப்படையில் தங்கள் குடும்ப வழக்குகளையும் உரிமை வழக்குகளையும் தீர்த்துவரும் ஒரு மக்களினம் வட அமெரிக்காவில் உண்டு. நவாஹோ என்று உலகம் அழைக்கும் அவர்கள் தம்மைத் ‘தினே’ என்று கூறிக்கொள்வர். ‘மக்கள்’ என்பது அதன் பொருள். (நம் பாடநூல்களில் வழங்கிய ‘செவ்விந்தியர்’ என்னும் பெயர் கொலம்பசின் தவறான எண்ணத்தின் எச்சம், அதனை நாம் கைவிடுவதே நன்று.) அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரவியுள்ள அவர்களது நாடு ஏறத்தாழ 27,000 சதுர மைல் பரப்புடையது, தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்று மேல். வழக்காடுவோரை அறியாத ஓர் அந்நியர் நடுவில் அமர்வதை அவர்களது மரபு ஒரு சிறப்பாகக் கருதுவதில்லை. இரு தரப்பாரையும் அறிந்தவரும், அவர்கள் வாழ்வில் பங்குடையவரும், பல வேளைகளில் அவர்களுக்கு உறவினருமான ஒருவரே அங்கு சமாதானம் செய்பவர். இம்முறை நம் ஆயர் பணிக்கு எழுப்பும் கேள்வியையும், இதனுள்ளேயே பொதிந்திருக்கும் ஆபத்தையும் இக்கட்டுரையில் காண முற்படுவோம்.

தடைசெய்யப்பட்ட வழக்கம்

வரலாற்றைச் சிறிது அறியாமல் இம்முறையின் பொருள் விளங்காது. 1864-ஆம் ஆண்டு அமெரிக்கப் படைகள் நவாஹோ மக்களைத் தம் நிலத்திலிருந்து பிடுங்கி, முந்நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவை நடக்கச்செய்து, நியூ மெக்சிகோவின் கிழக்கேயுள்ள போஸ்க் ரெடோண்டோ என்னுமிடத்தில் அடைத்துவைத்தன. பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். 1868-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் கையெழுத்தான உடன்படிக்கையின்பின் எஞ்சியோர் தம் நாட்டிற்குத் திரும்பினர். பிடுங்கப்பட்ட மக்களினங்களுள் தம் பழைய நிலத்திற்கே திரும்பும் பேறு பெற்றவர் சிலரே.

அடுத்த ஆண்டுகளில் அதிபர் கிராண்ட் வகுத்த கொள்கையின்படி, பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலங்கள் திருச்சபைப் பிரிவுகளிடையே பங்கிடப்பட்டன. எந்தச் சபை எந்த மக்களை ‘நாகரிகப்படுத்தும்’ என்று அரசே குறித்துக்கொடுத்தது. நவாஹோ மக்கள் பிரெஸ்பிட்டேரியன் சபையினருக்கு ஒதுக்கப்பட்டனர். 1883-இல் ‘இந்தியக் குற்றங்களுக்கான நீதிமன்றங்கள்’ என்னும் ஏற்பாடு வந்தது. பழங்குடியினரின் சடங்கு நடனங்கள், பலதார மணம், மரபு மருத்துவரின் செயல்கள் ஆகியவை குற்றங்களாக்கப்பட்டன. 1892-இல் இத்தகைய நீதிமன்றம் நவாஹோ நாட்டிலும் அமைக்கப்பட்டது. அதன் நீதிபதிகள் நவாஹோ மக்களே. ஆனால் அவர்களை அமர்த்தியவர் அரசின் முகவர். பிணக்குற்ற குடும்பத்தை ஒன்றாக அமர்த்திப் பேசவைத்த பெரியவர்களின் இடத்தில் சிறையும் தண்டமும் வந்தன. இக்கொள்கைக்குத் திருச்சபைகள் துணைநின்றன என்பதை நாம் மறைக்கவியலாது. வேதாகமத்தை ஒரு கையில் ஏந்திச் சென்றவர்கள், சமாதானம் செய்யும் ஒரு முறையை மறு கையால் அகற்றுவதற்கு உடன்பட்டிருந்தனர்.

1953-இல் பழங்குடியினர் நிலங்களின்மேல் மாநில அரசுகள் நீதி அதிகாரத்தை மேற்கொள்ள வழிசெய்யும் சட்டமொன்று இயற்றப்பட்டது. அந்நிலை நேராதிருக்க நவாஹோ மன்றம் தனக்கெனத் தனி நீதித்துறையை உருவாக்கியது. 1959 ஏப்ரல் முதல் நாள் அது செயற்படத் தொடங்கியது. எனினும் நீதிபதிகள் தம் இனத்தவராயினும், வழக்கு நடைபெறும் முறை வெள்ளையரின் முறையாகவே இருந்தது. கணவனும் மனைவியும் எதிரெதிரே நின்று, ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றுத் திரும்பினர். திரும்பியபின் அதே குடியிருப்பில், அதே ஆட்டுக்கிடையின் அருகில், ஒருவரையொருவர் பாராமல் வாழ்ந்தனர். இதனைக் கண்ட நவாஹோ நீதிபதிகள் 1982-இல் தம் மாநாட்டில் கூடி, ‘சமாதானம் செய்வோர் நீதிமன்றம்’ ஒன்றை நிறுவினர். பின்னர் அது நீதிமன்றம் என்னும் பெயரை உதிர்த்துவிட்டு, நீதித்துறையின் ஒரு பணியாகத் தொடர்ந்தது. 2002-இல் நவாஹோ மன்றம் இயற்றிய அடிப்படைச் சட்டம், மரபு நெறியே தங்கள் சட்டத்தின் வேர் என்று அறிவித்தது. முன்னோரின் வழக்கம் நூறாண்டுகளுக்குமேல் அடக்கப்பட்டும் அழியாதிருந்ததற்குக் காரணம், அது ஏடுகளில் இல்லாமல் பாட்டிமாரின் நாவில் இருந்தமையே எனலாம்.

‘கே’ என்னும் சொல்

நவாஹோ முறையின் அடித்தளம் ‘கே’ என்னும் ஓரெழுத்துச் சொல். உறவு, ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டிருத்தல், மதிப்பு, இரக்கம் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். நவாஹோ ஒருவர் அறிமுகமாகும்போது தம் பெயரோடு நான்கு குலங்களையும் கூறுவார்: தாயின் குலம், தந்தையின் குலம், தாயைப் பெற்ற தந்தையின் குலம், தந்தையைப் பெற்ற தந்தையின் குலம். குலம் தாய்வழி வருவது. கேட்பவர் உடனே தமக்கும் அவருக்கும் என்ன முறை என்று கணித்துக்கொள்வார். நம் கிராமங்களில் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்பதுபோன்றே இது. ஆனால் நம்மிடையே இக்கேள்வி சாதியை அறியும் தந்திரமாகவும் ஆகிவிடுகிறது என்பதை வருத்தத்துடன் குறிக்கவேண்டும். அங்கோ இது கடமையை அறிவதற்கான கேள்வி.

தீங்கு செய்தவனைக் குறித்து, உறவினரே இல்லாதவன்போல் அவன் நடந்துகொள்கிறான் என்பது நவாஹோ மக்களின் பேச்சுவழக்கு. தமிழில் ‘நாதியற்றவன்’ என்பது இரக்கத்தின் சொல். கேட்பாரற்ற ஏழையை அது குறிக்கிறது. அங்கு ஏறக்குறைய அதே எண்ணம் கடுமையான கண்டனமாகிறது. உறவினர் இருந்தும் இல்லாதவன்போல் நடப்பதே குற்றத்தின் இயல்பு எனில், உறவினரை அவனைச் சுற்றி அமர்த்துவதே மருந்து என்பது தானே பெறப்படும்.

1992 முதல் 2003 வரை நவாஹோ நாட்டின் தலைமை நீதிபதியாயிருந்த ராபர்ட் யாஸி, 1994-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இரு வகை நீதியை வேறுபடுத்திக் காட்டினார். செங்குத்தான நீதியில் மேலே நீதிபதியும், கீழே வழக்காடுவோரும், அவர்களுக்கும் கீழே ஒன்றும் கூறவியலாத குடும்பத்தாரும் இருப்பர். கிடைநிலை நீதியில் யாவரும் ஒரு வட்டத்தில் அமர்வர்; எவரும் எவருக்கும் மேலானவரல்லர். வழக்கறிஞரைக் குறிக்கும் நவாஹோ சொல்லுக்குச் ‘சொற்களால் தள்ளுபவர்’ என்பது பொருள் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். வழக்கறிஞராயிருக்கும் நம் சபை மூப்பர்கள் இதனைப் பொறுத்துக்கொள்வார்களாக!

அமர்வு நடைபெறும் விதம்

வழக்கு இரு வழிகளில் வரும். நீதிமன்றம் அனுப்பலாம், அல்லது சம்பந்தப்பட்டவரே நேரில் வந்து கேட்கலாம். மணவாழ்வின் பிணக்குகள், பிள்ளைகளின் பராமரிப்பு, குடிப்பழக்கத்தால் சிதையும் குடும்பம், எல்லைத் தகராறு ஆகியவை மிகுதியாக வரும். மேய்ச்சல் உரிமைச் சீட்டுகளைப் பற்றிய தகராறுகளும் உண்டு. 1930-களில் அமெரிக்க அரசு மண் அரிப்பைத் தடுப்பதாகக் கூறி நவாஹோ மக்களின் ஆடுகளைப் பெருந்தொகையில் குறைத்து, அதன்பின் மேய்ச்சலுக்கு அளவிட்ட சீட்டுகளை வழங்கிற்று. பெற்றோர் இறந்தபின் அச்சீட்டு எந்தப் பிள்ளைக்கு என்பது இன்றும் உடன்பிறந்தாரைப் பிரிக்கும் வழக்கு. பழங்குடிகளின் ‘உள் தகராறு’ என்று நாம் எண்ணுவதில் பாதி, வெளியிலிருந்து வந்த சட்டம் விதைத்ததாகவே இருப்பதற்கு இது நல்ல சான்று.

சமாதானம் செய்பவரை நவாஹோ மொழியில் ‘நாட்டானி’ என்பர். திட்டமிடவும் பேசவும் வல்ல தலைவர் என்பது அதன் கருத்து. நவாஹோ நாட்டில் 110 உள்ளூர் மன்றங்கள் உள்ளன. அம்மன்றத்து மக்களே தமக்குள் மதிப்புப் பெற்றவரைத் தெரிந்தளிக்கின்றனர். அவருக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை. அவர் சொல்லைப் பிறர் கேட்பது அவர் வாழ்ந்த வாழ்வினிமித்தமே.

அமர்வு இறைவேண்டலுடன் தொடங்கும். இது வெறும் தொடக்கச் சடங்கன்று. மனிதருக்கு அப்பாற்பட்ட துணையைக் கோருவதோடு, வந்தோரை உண்மை பேசும் மனநிலைக்குக் கொணர்வதும் இதன் நோக்கம். பின்னர் தீங்குற்றவர் தமக்கு நேர்ந்ததையும், அதனால் தாம் உணர்ந்ததையும் கூறுவார். உணர்ச்சியை அடக்கிக்கொள்ளுமாறு எவரும் அவரிடம் சொல்வதில்லை. எதிர்த்தரப்பார் மறுமொழி கூறுவார். அதன்பின் உறவினரும் அயலாரும் பேசுவர். இங்கேதான் இம்முறையின் வலிமை வெளிப்படுகிறது. நீதிமன்றத்தில் ஒருவன் ‘நான் அளவாகவே குடிக்கிறேன்’ எனலாம். நீதிபதி அதனை எவ்வாறு அறிவார்? சித்தியும் மைத்துனனும் தங்கையும் சுற்றி அமர்ந்திருக்கும் இடத்தில் அவ்வாறு கூறவியலாது. சாக்குப்போக்குகளை உரித்தெடுக்க அவர்களே போதும். அதே வேளையில், அவன் திருந்துவதற்குக் கைகொடுக்க வேண்டியவரும் அவர்களே.

பின்னர் நாட்டானி பேசுவார். நவாஹோ மரபுக் கதைகளையும் தொடக்ககால நிகழ்ச்சிகளையும் கூறி, இவ்வழக்கு எங்கே நெறி தவறியது என்று காட்டுவார். அக்கதைகளுள் ஒன்றைக் கூறுவது தகும். உலகை வாழ்வதற்கு ஏற்றதாக்க இரு வீரச் சகோதரர்கள் அரக்கர்களைக் கொன்றுவந்தனர். ஆனால் பசி, வறுமை, முதுமை, பேன் ஆகிய சிலவற்றை மட்டும் அவர்கள் உயிரோடு விட்டுவிட்டனர். அவை மனிதரைச் சோம்பாது உழைக்கவும் ஒருவரையொருவர் பேணவும் செய்யும் என்பதால். அரக்கன் என்பதற்கான நவாஹோ சொல், நல்வாழ்வுக்குக் குறுக்கே நிற்கும் எதனையும் குறிக்கும். ஆகவே குடியையும் மனைவியை அடிப்பதையும் அரக்கன் என்று பெயரிட்டுப் பேசும்போது, அமர்ந்திருக்கும் யாவரும் ஒரு பக்கத்திலும் அத்தீமை மறு பக்கத்திலும் ஆகிவிடுகின்றனர். நம் அருளுரைகளில் உவமையை அணியாகப் பயன்படுத்துகிறோம். அங்கே கதையே நியாயப்பிரமாணத்தின் இடத்தில் நிற்கிறது.

இறுதியில் என்ன செய்யவேண்டும் என்பதை யாவரும் ஒருமனப்பட்டு முடிவு செய்வர். இதன் நடுப்பொருள் ‘நால்யே’ என்பது. ஈடு என்று நாம் கூறலாம். ஆயினும் இழந்த பொருளின் விலை என்று மட்டும் அதனைக் கொள்ளலாகாது. மனத்தாங்கல் எஞ்சாதவாறு எவ்வளவு தேவையோ அவ்வளவே ஈடு. இசைவு ஏற்படாவிடில் வழக்கு நீதிமன்றத்திற்குச் செல்லும். ஏற்பட்டால் அதனை எழுதி, நீதிமன்றத் தீர்ப்பாகவே பதிவுசெய்யவும் வழியுண்டு.

யாஸி முதலியோர் எடுத்துக்கூறியுள்ள வழக்கொன்று இதனை நன்கு விளக்கும். ஓர் இளம்பெண் தன் பிள்ளையின் தந்தையென்று ஓர் இளைஞன்மேல் வழக்குத் தொடுத்தாள். நீதிமன்றமாயின் தந்தைமையை மெய்ப்பித்து, மாதந்தோறும் இவ்வளவு தொகை கட்டு என்று ஆணையிட்டிருக்கும். அவனுக்கோ வேலை இல்லை. ஆணை தாளில் மட்டும் இருந்திருக்கும். இரு குடும்பத்தாரும் அமர்ந்தபோது, பிள்ளை யாருடையது என்பதில் ஐயமே இல்லாமற்போயிற்று. அப்பெண்ணின் வீடு விறகால் சூடேற்றப்படும் வீடு. அவனுக்கு வேலை கிடைக்கும்வரை அவ்வீட்டிற்கு விறகு கொண்டுவந்து தருவது அவன் பொறுப்பு என்று முடிவாயிற்று. பணமில்லாதவனால் செலுத்தக்கூடிய ஈடு இது. அன்றியும், விறகைச் சுமந்துகொண்டு அவன் தன் பிள்ளை வாழும் வாசலுக்கு மீண்டும் மீண்டும் வரவேண்டியவனாகிறான். அஞ்சலில் வரும் காசோலை இதனைச் செய்யாது.

பிலேமோனுக்கு எழுதிய மத்தியஸ்தர்

‘மத்தியஸ்தர்’ என்னும் சொல் தமிழ்க் கிறிஸ்தவருக்கு நீதித்துறைச் சொல்லாகப் பழகுமுன்னரே வேதாகமச் சொல்லாகப் பழகியது. 1 தீமோத்தேயு 2:5 குறிக்கும் மத்தியஸ்தர், இரு தரப்பிற்கும் அப்பால் நின்றதால் அப்பெயர் பெறவில்லை. இரு தரப்பிற்கும் உரியவராயிருப்பதனாலேயே பெற்றார். மாம்சமாதல் பற்றிய நம் கோட்பாடு முழுவதும் இதனைச் சார்ந்தது. அவ்வாறிருக்க, ஆயர் பணியில் மட்டும் ஒட்டாமை ஒரு நற்பண்பாக ஏன் கற்பிக்கப்படுகிறது என்று கேட்பது முறையே.

புதிய ஏற்பாட்டில் குடும்ப உரிமை வழக்கொன்றின் ஆவணம் வேண்டுமெனில், அது பிலேமோனுக்கு எழுதிய நிருபம். பவுல் அங்கு நடுநிலையாளராக நடிப்பதில்லை. ஒநேசிமுவைத் தாம் பெற்ற மகன் என்றும், பிலேமோனைச் சகோதரன் என்றும் கூறி, இருவருக்கும் தாமே உறவினராகிறார். கட்டளையிடும் உரிமை தமக்குண்டு என்று குறித்துவிட்டு, அதனைப் பயன்படுத்தாது வேண்டிக்கொள்கிறார். 18, 19-ஆம் வசனங்களில் கடன் இருப்பின் தாமே ஈடு செலுத்துவதாகத் தம் கையால் எழுதித் தருகிறார். நிருபம் பிலேமோனுக்கு மட்டுமின்றி அப்பியாளுக்கும் அர்க்கிப்புவுக்கும் வீட்டில் கூடும் சபைக்கும் எழுதப்பட்டுள்ளது. அதாவது, வட்டத்தில் அனைவரும் அமர்த்தப்படுகின்றனர். நவாஹோ நாட்டானி ஒருவர் இதனைப் படித்தால் தம் தொழிலை அதில் அடையாளம் கண்டுகொள்வார் என்று நான் கருதுகிறேன்.

லூக்கா 12:13-14-ஐயும் ஈண்டு நோக்கவேண்டும். சுதந்தரத்தைப் பங்கிடும்படி ஒருவன் கேட்டபோது இயேசு மறுத்துவிடுகிறார். குடும்பச் சொத்து வழக்குகளில் ஆயர் தலையிடலாகாது என்பதற்கு இப்பகுதியை ஆதாரமாகக் காட்டுவோர் உளர். ஆனால் அவர் மறுத்தது பங்கிடுபவராயிருக்கும் பதவியையே. அவ்வழக்கின் அடியிலிருந்த பொருளாசையை அவர் விடவில்லை. உடனே ஒரு கதையைக் கூறி அதனைக் கூட்டத்தின்முன் வைத்தார். 1 கொரிந்தியர் 6-இல் பவுல் தேடுவதும் அதிகாரியை அன்று. சகோதரர் நடுவே தீர்க்கத்தக்க விவேகியையே. நம் மொழிபெயர்ப்பு மத்தேயு 5:24-இல் ‘ஒப்புரவு’ என்னும் வேரைப் பயன்படுத்தியிருப்பதும் நற்பேறே. திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயராக நிற்கும் அச்சொல், உலகத்தாரோடு பொருந்தி வாழ்ந்து பிறர்க்கு உதவும் கடமையைக் குறிக்கிறது. உடன்படிக்கையில் கையெழுத்திடுவதைவிட அது பெரியது.

வட்டத்தில் பேசாதவர்

ஆனால் பிலேமோன் நிருபத்தை மறுமுறை படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அதில் ஒநேசிமு ஒரு சொல்லும் பேசவில்லை. அவனுக்காகப் பவுல் பேசுகிறார்; நன்றாகவே பேசுகிறார்; ஆயினும் வழக்கில் மிக எளியவனின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. உறவை அடித்தளமாகக் கொண்ட எந்த மத்தியஸ்தத்திற்கும் உள்ள ஆபத்து இதுவே. உறவினர் கூடிய வட்டத்தில் வலியவரும் எளியவரும் ஒருங்கே அமர்ந்திருப்பர். எளியவருக்கு அவ்வட்டமே வேலியாகிவிடலாம்.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியை டோனா கோக்கர், கணவனால் அடிக்கப்பட்ட பெண்களின் வழக்குகளில் நவாஹோ சமாதான முறை எவ்வாறு செயற்பட்டது என்பதை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார். அவர் இம்முறையைப் புறக்கணிக்கவில்லை. கணவனை விட்டு விலகினால் மட்டுமே உதவி என்று அரசு கூறும்போது, உறவினரின் உதவியையும் மரபு மருத்துவத்தையும் இம்முறை பெற்றுத் தருவதை அவர் பாராட்டினார். ஆயினும் அடிபட்டவளை மீண்டும் சேர்ந்து வாழுமாறு நெருக்கும் சாய்வு சில அமர்வுகளில் தலைகாட்டக்கூடும் என்பதையும், அஞ்சுபவள் விரும்பி வந்தாள் என்று எளிதில் எண்ணிவிடலாகாது என்பதையும் சுட்டிக்காட்டினார். போதகர் இல்லத்துத் திண்ணையை அறிந்தவர்கள் இதனை மறுக்கமாட்டார்கள். அடிபட்டு வந்த மனைவியையும் அடித்த கணவனையும் அருகருகே நிறுத்தி, இருவர் கைகளையும் சேர்த்து ஜெபித்து அனுப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. அதனை ஒப்புரவு என்று அழைப்பது அச்சொல்லுக்கு இழுக்கு.

ஹவாய்த் தீவு மக்களின் ‘ஹோ ஓபோனோபோனோ’ என்னும் குடும்பச் சமாதான முறையில் இவ்வாபத்திற்கு எதிரான ஓர் ஏற்பாட்டைக் காண்கிறோம். நேராக்குதல் என்பது அச்சொல்லின் பொருள். 1820-இல் மிஷனெரிகள் வந்தபின் பழைய சடங்குகளோடு இதுவும் ஒதுக்கப்பட்டது. ஆயினும் சில குடும்பங்களில் தொடர்ந்தது. அவ்வாறு ஒரு குடும்பத்தில் வளர்ந்த அறிஞர் மேரி கவேனா புக்கூயி, 1972-இல் பிறருடன் சேர்ந்து வெளியிட்ட நூலில் இதன் படிகளைப் பதிவுசெய்தார். அங்கு பிணங்கியவர்கள் ஒருவரையொருவர் நோக்கிப் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் தலைவரை நோக்கியே பேசுவர். குரல் உயர்ந்தால் தலைவர் அமைதிவேளை அறிவிப்பார். அடித்தொண்டையில் கத்துபவனுக்கு அங்கு மேற்கை இல்லை. சிக்கிய வலையைப் பிரிப்பதுபோல், வெங்காயத்தை உரிப்பதுபோல், ஒவ்வோர் அடுக்காகச் சென்று, குற்றத்தை அறிக்கையிடுதலும் மன்னிப்பும் நடைபெறும். மன்னிப்பைக் குறிக்கும் சொல்லுக்குக் ‘கட்டவிழ்த்தல்’ என்பது பொருள், கட்டவிழ்வது இரு பக்கமும். முடிவில் யாவரும் சேர்ந்து உண்பர். கிறிஸ்தவர்களான ஹவாய்க் குடும்பங்கள் தொடக்க வேண்டுதலை மெய்த்தேவனிடம் ஏறெடுத்து இம்முறையைக் கைக்கொண்டமை, சுவிசேஷமும் மரபும் பகையாகவேண்டியதில்லை என்பதற்குச் சான்று. (இப்பெயரில் இந்நாட்களில் புத்தகக் கடைகளில் விற்கப்படும், தனியே அமர்ந்து சில சொற்களை உச்சரிக்கும் பயிற்சிக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு. குடும்பமே இல்லாத குடும்பச் சமாதானம் அது.)

நம் நாட்டிலும் இக்கேள்வி உயிருள்ளது. 1963-இல் நாகாலாந்து மாநிலம் உருவானபோது அரசியலமைப்பின் 371-ஏ பிரிவு நாகர்களின் மரபுச் சட்டத்தையும் அதன்வழி நடைபெறும் நீதியையும் காத்தது. அம்மக்களுள் பெரும்பான்மையினர் பாப்டிஸ்டுகள். ஊர்ப் பெரியவர் பலர் சபைப் பெரியவருமாவர். ஆனால் மரபு மன்றங்களில் பெண்களுக்கு இடமில்லாதிருந்தது. நகர்மன்றங்களில் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு ஒதுக்குவதை இப்பிரிவைக் காட்டியே எதிர்த்தனர். 2017-இல் அது கலவரமாகவும் வெடித்தது. ஒதுக்கீட்டுடன் தேர்தல் நடந்தது 2024-இல்தான். மரபைக் காப்பது யாருடைய மரபைக் காப்பது என்னும் வினா அங்கு திருச்சபையின்முன் நிற்கிறது. ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கிராம சபைக்கு மரபுவழித் தகராறு தீர்க்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதி இல்லையாதலால் நீலகிரியின் பழங்குடியினருக்கு அது எட்டவில்லை. அவர்களிடையே பணியாற்றும் நம் ஊழியர்கள், அவர்தம் மன்றங்களைக் கலைத்துவிட்டுச் சபைக் கமிட்டியை அவ்விடத்தில் அமர்த்துமுன் நவாஹோ வரலாற்றைப் படிப்பது நலம்.

சட்டத்தையும் போதகர் அறிந்திருக்கவேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட மத்தியஸ்தச் சட்டத்தில் சமூக மத்தியஸ்தத்திற்கென ஓர் அதிகாரம் உண்டு. மூவர் கொண்ட குழுவை அது விதிக்கிறது. ஆனால் அக்குழு கண்ட உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பைப்போல் நிறைவேற்றத்தக்கதன்று. இவ்வகையில் நவாஹோ முறைக்குள்ள வலிமை இதற்கில்லை. வீட்டில் வன்முறை இருக்குமிடத்திலோ 2005-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் பெண்ணுக்குத் தந்துள்ள வழியை முதலில் காட்டவேண்டும். அவள் பாதுகாப்பாக இருக்கிறாள் என்று உறுதியாகும்வரையில் வட்டத்தைக் கூட்டலாகாது. அவள் பேச விரும்பினால், அவள் நம்பும் ஒரு பெண் அவள் அருகில் அமரவேண்டும்.

இனி, நாட்டானியின் இடத்தில் போதகர் அமரலாமா என்னும் கேள்வி எஞ்சுகிறது. பெரும்பாலும் அமரவியலாது என்பதே என் கருத்து. நாட்டானி அம்மக்களோடு பிறந்து வளர்ந்தவர். நாளையும் அங்கேயே இருப்பவர். நம் போதகரோ சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றலாகிறவர். இரு குடும்பங்களின் மூன்று தலைமுறைக் கதை அவருக்குத் தெரியாது; அவர் செய்துவைத்த சமாதானம் உடையும்போது அவர் வேறு சேகரத்தில் இருப்பார். ஆனால் மூன்று தலைமுறைக் கதையை அறிந்தவர் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார். ஓய்வுபெற்ற உபதேசியாராக இருக்கலாம். பிரசவம் பார்த்த பாட்டியாக இருக்கலாம். சண்டையிட்ட மருமகள் இரவில் கதவைத் தட்டுவது அவர் வீட்டில்தான்; தம்பியிடம் சொல்லச்சொல்லி அண்ணன் சொல்லியனுப்புவதும் அவரிடம்தான். அவர் பெயர் சேகரக் கமிட்டிப் பட்டியலில் காணப்படாது. புதிய சேகரத்திற்குச் செல்லும் போதகர், வீடு சந்திக்கும் முதல் மாதங்களிலேயே, ‘உங்கள் வீட்டில் பிணக்கு வந்தால் யாரிடம் போவீர்கள்?’ என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு, திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளட்டும். வழக்கு வரும் நாளில் அவரை அழைத்துத் திண்ணையில் நடுவே அமர்த்திவிட்டு, தாம் வட்டத்தில் ஒருவராக அமர்ந்து, இறைவேண்டலைத் தொடங்கிவைப்பதும், முடிவானதை எழுதிப் படித்துக்காட்டுவதும், எவரேனும் பேசாதிருந்தால் அவரைப் பேசுமாறு கேட்பதும் போதகர் செய்யத்தக்க பணி.